கைப்பேசியில் பழைய மென்பொருளுக்குத் திரும்ப வழி வேண்டும்: எம்.சி.எம்.சி.க்கு சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பட்டணத்தில் கைப்பேசி விற்றும் பழுதுபார்த்தும் பிழைப்பவன் நான். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் விற்கப்படும் எந்தக் கைப்பேசியிலும், ஏறிய அப்டேட் ஒத்துவராவிட்டால், குறைந்தது 30 நாளைக்காவது முந்தைய மென்பொருளுக்குத் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். படம், தொடர்பு எண், வாட்சாப் உரையாடல் எதுவும் அழியக்கூடாது. காசு கேட்கக்கூடாது. என்னைப் போன்ற கடைக்காரனிடம் வந்து நிற்க வேண்டிய அவசியமும் இருக்கக்கூடாது. இதை நிறுவனங்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் ஆணையம் விதியாக்க வேண்டும்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். தோட்டத்து லயத்தில் இருந்த பல குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளான தாமான்களுக்கு வந்துவிட்டன, ஆனால் வேலை இன்னும் தோட்டத்தில் என்பவர்கள் நிறையப் பேர். துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், பாடுபடுகிறவனே தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர். காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தம் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காசு சின்னக் காசும் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். என் கடையில் தோட்டத்துக்காரர்கள் வாங்குவது பெரும்பாலும் 500-லிருந்து 800 ரிங்கிட் வரையுள்ள போன்கள். தீபாவளிக்கு முன்பணம் கிடைத்ததும் வருவார்கள். "மலேசியா செட்தானே தம்பி, ஏபி செட் இல்லையே?" (அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதிதான் ஏபி செட்) என்று கேட்டு, பெட்டியைத் திருப்பிப் பார்த்து, சிரிம் தரச்சான்று அடையாளம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டுதான் பணத்தை எண்ணித் தருவார்கள். குறைந்தது நான்கைந்து வருடம் ஓட வேண்டும் என்பது அவர்களின் கணக்கு.

அந்தப் போனில்தான் இப்போது எல்லாமே நடக்கிறது. யார் எந்தத் தீம்பாருக்கு (தோட்டத்தின் எந்தப் பகுதிக்கு) போக வேண்டும் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாட்சாப்பில் குரல் செய்தி அனுப்பிவிடுகிறார். மழை பெய்து பால்வெட்டு இல்லாமல் போனாலும் அதில்தான் சேதி வருகிறது. சம்பளம் வங்கியில் விழுந்ததா என்று பார்ப்பது, சேமநிதிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக்கூட அறிவிப்பு, கடையில் கியூஆர் போட்டுக் காசு கட்டுவது, எல்லாம் அதில்தான். இதற்குள் எங்களை வரச் சொன்னது நீங்களும் அரசாங்கமும்தான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ரா செயலி இல்லாமல் கடைக்குள் நுழைய முடியவில்லை. 2021 கடைசியில் 3ஜி சேவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய போன்களைக் கைவிட்டு எங்கள் மக்கள் 4ஜி போன் வாங்கினார்கள். அதே வருடம் ஜாரிங்கான் பிரிஹாத்தின் திட்டத்தில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தீர்கள். போன் அத்தியாவசியப் பொருள் என்று நீங்களே முடிவு செய்தாகிவிட்டது. அப்படியானால் அந்தப் பொருள் விற்ற பிறகு தூரத்திலிருந்து மாற்றப்படும்போது வாங்கியவருக்கு என்ன பாதுகாப்பு என்பதும் உங்கள் பொறுப்பில் வருகிறது.

கடையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பால்மரம் வெட்டி ஓய்ந்துபோன ஒரு பாட்டி வருவார். மகள் ஜொகூரில் இருக்கிறாள். வீடியோ அழைப்பு வந்தால் விரலை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், மகளின் படம் எந்த மூலையில் இருக்கும் என்று பேரன் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். எழுத்தையும் பெரிதாக்கி வைத்திருக்கிறான். ஒரு நாள் விடிந்து பார்த்தால் பொத்தான்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. பெரிதாக்கி வைத்த எழுத்து புதிய திரையில் அடங்காமல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. "என் கை எங்கயோ பட்டு கெட்டுப்போச்சு தம்பி, கோவிச்சுக்காம பாரு" என்கிறார். அவர் கை எங்கும் படவில்லை. இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாத மனுஷி என் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

ஒரு மண்டோர் அண்ணன். அவருடையது ரேம் குறைந்த மலிவு விலைப் போன். பெரிய அப்டேட் ஏறியபிறகு வாட்சாப் திறக்கவே நேரம் எடுக்கிறது. குலைக் கணக்குக்காகப் படம் எடுக்கப் போனால் கேமரா உறைந்துவிடுகிறது. "ஏன் அண்ணே அப்டேட் போட்டீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கப்பா போட்டேன், அதுவா மாறியிருந்துச்சு" என்றார். இன்னொருவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். முன்பெல்லாம் சாயங்காலம் வரை தாங்கிய பேட்டரி இப்போது மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது என்கிறார். பேட்டரியைச் சோதித்துப் பார்த்தேன், அதில் குறையில்லை.

இவர்கள் எல்லோருக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்: பழையபடி ஆக்க முடியாது. அடுத்த அப்டேட்டில் சரியாகலாம், பொறுத்துப் பாருங்கள். இல்லையென்றால் வேறு போன் வாங்குங்கள். அப்படிச் சொன்னால் எனக்கு ஒரு விற்பனைகூட ஆகும். அந்த விற்பனை எனக்கு வேண்டாம்.

ஏன் முடியாது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். பொதுமக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். ஐபோனில் ஒரு ஐஓஎஸ் பதிப்பை நிறுவ வேண்டுமானால் ஆப்பிளின் சர்வர் அந்த நேரத்தில் அதற்கு டிஜிட்டல் கையொப்பம் தர வேண்டும். புதிய பதிப்பு வந்த சில நாட்களில், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில், பழையதற்குக் கையொப்பமிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பழைய கோப்பு கையில் இருந்தாலும் போன் அதை ஏற்காது. கையொப்பம் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நாளுக்குள் முயன்றாலும் கணினி வேண்டும், எல்லாம் அழியும், புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழையதில் ஏற்றவும் முடியாது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் சிப்புக்குள்ளேயே ஒரு எண் இருக்கிறது. அது ஏறும், இறங்காது. எங்கள் தொழிலில் "பைனரி ஏறிடுச்சு" என்போம். ஏறிய எண்ணைவிடக் குறைந்த மென்பொருளைப் போட்டால் போன் மறுத்துவிடும். 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது கூகல் தன் பிக்சல் 6 வரிசையில் இதைத்தான் செய்தது. ஏற்றியவர்கள் மறுபடி ஆண்ட்ராய்டு 12-க்குப் போக முடியவில்லை. துவக்க மென்பொருளில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். அந்தக் காரணம் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

எண் ஏறாத போன்களில் கணினி வைத்து பிளாஷ் செய்து பழையதைப் போடலாம். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும். பேரப்பிள்ளைகளின் படம், சீட்டுக் கணக்கு எழுதி வைத்த குறிப்பு, எதுவும் மிஞ்சாது. அப்புறம் வங்கிச் செயலி. ஆன்லைன் மோசடிகளைத் தடுக்க 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில கட்டளைகள் போட்டது. எஸ்எம்எஸ் வழியாக வரும் ஓடிபியைக் கைவிடுவது, ஒருவருக்கு ஒரே கருவியில் மட்டும் அனுமதி, புதிதாகப் பதிவு செய்தால் காத்திருப்பு நேரம் என்று. நல்ல கட்டளைகள்தான். ஆனால் போனைத் துடைத்துவிட்டால் அந்தப் பதிவை முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்தப் பாட்டியை அதற்காக வங்கிக்கு அலைய விட முடியுமா? அதனால், வழி இருக்கிற போன்களிலும் "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.

இனி, நிறுவனங்களால் இதைச் செய்ய முடியாதா என்ற கேள்வி. முடியும். செய்து காட்டியும் இருக்கிறார்கள்.

2014 செப்டம்பர் 24-ஆம் தேதி ஆப்பிள் ஐஓஎஸ் 8.0.1 வெளியிட்டது. அதைப் போட்ட ஐபோன் 6-களில் தொலைபேசித் தொடர்பே அறுந்துபோனது, கைரேகையும் வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஐடியூன்ஸ் வழியாக 8.0-க்குத் திரும்பிப் போங்கள் என்று ஆப்பிளே வழி சொன்னது. 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டின் வெப்வியூ என்ற உள்செயலிக்கு ஒரு பழுதான அப்டேட் வந்து, ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. உலகமே தவித்தது. திருத்தம் வரும்வரை மக்களைக் காப்பாற்றியது செட்டிங்ஸில் ஒரு மூலையில் இருக்கும் "அப்டேட்டுகளை நீக்கு" என்ற வசதிதான். வெப்வியூவின் அப்டேட்டை நீக்கியதும் செயலிகள் உயிர்பெற்றன. 2025 ஆகஸ்டில் கூகல் தன் தொலைபேசிச் செயலியின் தோற்றத்தை மாற்றியபோதும் அப்படித்தான். அழைப்பை எடுக்கும் திரையே வேறாகிவிட்டது என்று பல நாடுகளில் மக்கள் குழம்பினார்கள். பிடிக்காதவர்கள் அந்தச் செயலியின் அப்டேட்டை நீக்கிப் பழைய திரைக்குப் போனார்கள். யாருடைய தொடர்பு எண்களும் அழியவில்லை.

சாம்சங் 2025-ல் ஒன் யூஐ 7 கொண்டுவந்தபோது, மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்புகளையும் விரைவுப் பொத்தான்களையும் இரண்டாகப் பிரித்து வைத்தது. இடப்பக்கம் இழுத்தால் ஒன்று, வலப்பக்கம் இழுத்தால் இன்னொன்று. ஆனால் பழையபடி ஒன்றாக வைத்துக்கொள்ள செட்டிங்ஸில் இடம் கொடுத்தது. அதற்கு அந்த நிறுவனத்தைப் பாராட்டுகிறேன். இப்படி ஒரு வாசலை எல்லா மாற்றத்துக்கும் வைக்கலாமே.

கணினியிலோ இது சாதாரண விஷயம். விண்டோஸ் 11-க்கு மாறியவர் 10 நாளுக்குள் தன் கோப்புகள் அழியாமல் பழையதற்குத் திரும்பலாம். விண்டோஸ் 10 வந்த புதிதில் அது 30 நாளாக இருந்தது, 2016-ல் குறைத்தார்கள்.

ஆண்ட்ராய்டிலும் அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. 2016-ல் ஆண்ட்ராய்டு 7.0 வந்தபோது இரண்டு தொகுதி முறை அறிமுகமானது. ஒரு தொகுதியில் இப்போதைய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க, இன்னொன்றில் புதியது ஏறும். புதியது துவங்கவில்லையென்றால் போன் தானாகவே பழைய தொகுதிக்குத் திரும்பிவிடும். பிறகு வந்த முறையில் இடத்தை மிச்சப்படுத்த மாற்றங்களைச் சுருக்கித் தனியே வைத்து, நன்றாகத் துவங்கிவிட்டது என்று தெரிந்ததும் ஒன்றாக இணைத்துப் பழையதை விட்டுவிடுகிறார்கள். எல்லாப் போனிலும் இது இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிற போனில், திரும்பிப் போகத் தேவையான பொருள் கொஞ்ச நேரமாவது உள்ளேயே இருக்கிறது. திரும்ப வேண்டுமா என்ற முடிவை போன் எடுக்கிறது, நிறுவனம் எடுக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்டதால் என்ன நடந்தது என்பதற்கு வெளிநாட்டு அதிகாரிகள் பதிவு செய்து வைத்த சான்றுகள் இருக்கின்றன. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. ஐபோன் 6, கேலக்ஸி நோட் 4 போன்ற பழைய போன்களில், அவை தாங்காத மென்பொருளைத் திரும்பத் திரும்ப வற்புறுத்தி ஏற்ற வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்கூட்டிச் சரியான விவரம் சொல்லவில்லை, பழைய செயல்திறனை மீட்க வழியும் தரவில்லை என்று அந்த ஆணையம் தனியாகக் குறிப்பிட்டது. பிரான்ஸ் 2020 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2017-ல் வந்த ஐஓஎஸ் 10.2.1, தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்த விவகாரம் அது. அந்த வருடம் டிசம்பரில்தான் ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியாததால் பலர் பேட்டரியையோ போனையோ மாற்ற வேண்டி வந்திருக்கும் என்று பிரெஞ்சு அதிகாரிகள் எழுதினார்கள். அதைப் படித்தபோது எங்கள் மண்டோர் அண்ணன்தான் என் நினைவுக்கு வந்தார்.

இன்னொன்று 2025 ஜனவரியில் நடந்தது. பிக்சல் 4ஏ போன்களுக்கு கூகல் ஒரு அப்டேட் அனுப்பியது. சில போன்களில் அது பேட்டரியின் கொள்ளளவைக் குறைத்தது. பாதுகாப்புக் காரணம் இருந்தது, இலவசமாகப் பேட்டரி மாற்றித் தருகிறோம் அல்லது பணம் தருகிறோம் என்றும் சொன்னார்கள். ஆனால் கூடவே அந்தப் போனுக்கான பழைய மென்பொருள் கோப்புகளைத் தங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சூடேறி ஆபத்தாகும் பேட்டரியைக் கட்டுப்படுத்த வேண்டியது அவசியம்தான். அந்த ஆபத்து என்ன, எந்தப் போனுக்கு, எவ்வளவு என்று உரிமையாளரிடம் விளக்கமாகச் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சரி, பாதுகாப்பு. இதுதான் உங்கள் முன் வைக்கப்படும் முதல் ஆட்சேபமாக இருக்கும், இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மென்பொருளில் ஓட்டை இருக்கும். திருடிய போனைப் பழைய பதிப்புக்கு இறக்கி அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைவது நடக்கக்கூடிய காரியம். சிப்பில் அந்த எண்ணை வைத்ததே அதற்காகத்தான். கல்யாண அழைப்பிதழ் என்றும் பார்சல் சேதி என்றும் வாட்சாப்பில் ஏபிகே என்ற செயலிக் கோப்பு அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்துப் போகும் கும்பல்களைப் பற்றி எங்கள் ஊரில் கேள்விப்படாதவர் இல்லை. மோசடிக்கு ஆளானால் அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணை என் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உடனே போடுங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்பவன் நான்.

ஆனால் பாதுகாப்புத் திருத்தமும் திரை அலங்காரமும் ஏன் ஒரே மூட்டையாக வர வேண்டும்? கூரை ஒழுகுகிறது என்று அடைக்க வந்தவர், போகும்போது அடுப்படியையும் வேறு அறைக்கு மாற்றிவைத்துவிட்டு, "இரண்டும் சேர்ந்துதான் வரும், வேண்டாமென்றால் ஒழுகட்டும்" என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்? இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு ஆப்பிளே சாட்சி. 2021-ல் ஐஓஎஸ் 15 வந்தபோது, ஐஓஎஸ் 14-லேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிவு கொடுத்தது. சில மாதங்களில் அதை நிறுத்திவிட்டது, ஆனால் கொடுக்க முடிந்தது. ஆண்ட்ராய்டிலும் மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்கள் தனித் தேதியோடு, பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கும் சேர்த்தே வெளியாகின்றன.

நான் கேட்பது காலம் முழுக்கப் பழையதில் இருக்கும் உரிமையும் இல்லை. அது நடைமுறைக்கு ஒத்துவராது. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு கிட்காட்டில் வாட்சாப் 2025 பிறந்ததும் நின்றுபோனது, அதற்காக யாரிடமும் நான் சண்டை போடவில்லை. 30 நாள் கேட்கிறேன். ஒரு சம்பள மாதம். அதற்குள் போனின் வேகம், பேட்டரி, கண்ணுக்கும் கைக்கும் பழகுமா பழகாதா என்பது தெரிந்துவிடும். அந்த 30 நாளில் உண்மையிலேயே ஆபத்தான ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டிருந்தால், நிறுவனம் அதைக் காரணத்தோடு உங்களுக்கு எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கட்டும். அந்தக் காரணம் பொதுமக்கள் பார்வைக்கும் வரட்டும்.

நம் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் விற்ற பொருள் விற்றபடியே இருந்தது. ஒரு வானொலிப் பெட்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் அதைத் தயாரித்தவர் அதற்குப் பிறகு அதைத் தொட முடியாது. இப்போது வாங்கி இரண்டு வருடம் கழித்து இரவில் மாற்றுகிறார்கள். வாடிக்கையாளர் யாரிடம் போவார்? அவருக்குத் தெரிந்த முகம் என் முகம்தான், ரசீதில் இருப்பதும் என் கடைப் பெயர்தான். மாற்றியவர் வேறு, கேள்வி கேட்கப்படுபவர் வேறு. இப்படி நடுவில் மாட்டிக்கொள்கிற சிறு கடைக்காரர்கள் எல்லாத் தோட்டப் பட்டணங்களிலும் இருக்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை யோசித்திருக்கிறது. டிஜிட்டல் உள்ளடக்கம், சேவைகள் பற்றிய 2019-ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, வழங்குபவர் பின்னால் செய்யும் மாற்றம் பயனீட்டாளரைக் குறிப்பிடத்தக்க அளவு பாதித்தால் அவர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆனால் கூடுதல் செலவில்லாமல், மாற்றம் இல்லாத பழைய வடிவத்திலேயே இருக்க வழங்குபவர் இடம் கொடுத்தால் அந்த முறிக்கும் உரிமை இல்லை. இந்த விதி அப்படியே போன்களுக்கு எழுதப்பட்டதல்ல. இருந்தாலும் பழைய வடிவத்தில் இருக்க விடுவது ஒரு நியாயமான தீர்வு என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். நாமும் அங்கிருந்து தொடங்கலாம்.

உங்கள் கையில் அதற்கான கருவி இருக்கிறது. இந்த நாட்டில் விற்கும் எந்தப் போனும் உங்கள் விதிகளின்படி சிரிம் வழியாகச் சான்று பெற வேண்டும். வாடிக்கையாளர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் அந்த அடையாளம் உங்களுடையது. அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். இன்று அந்தச் சான்று பார்ப்பது போனின் அலைவரிசையும் மின் பாதுகாப்பும் போன்ற தொழில்நுட்ப விஷயங்களை. அதே சான்றோடு சில நிபந்தனைகளையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். திரும்பும் வசதி போனுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. தோற்றத்தையும் பயன்பாட்டையும் மாற்றும் அப்டேட், உரிமையாளர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் இரவில் தானாக ஏறக்கூடாது. என்ன மாறப்போகிறது, இந்த மாடலில் வேகமோ பேட்டரியோ பாதிக்கப்படுமா என்பதை ஏற்றுவதற்கு முன் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலத்தில் எளிய சொற்களில் சொல்ல வேண்டும். "பிழைத் திருத்தங்களும் மேம்பாடுகளும்" என்ற ஒற்றை வரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. ப்ரீபெய்ட் டேட்டாவில் ஒரு ஜிபிக்கு மேல் இறங்கும் அப்டேட் கேட்காமல் இறங்கக்கூடாது. தோட்டத்து உட்பகுதிகளில் வைஃபை இல்லாத வீடுகள் பல, அந்த டேட்டா தீர்ந்தால் பிள்ளையின் பாடமும் நின்றுவிடும். ஒரு போனுக்கு ஆதரவை நிறுத்தும்போது, அதில் நன்றாக ஓடிய கடைசிப் பதிப்பைக் கையொப்பத்தோடு பொதுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இதற்குச் செலவு இருக்கிறது, மறைக்கவில்லை. பழைய மென்பொருளை 30 நாள் வைத்திருக்கப் போனில் இடம் வேண்டும், 64 ஜிபி போனில் அது பெரிய விஷயம். புதிய பதிப்பு சேமித்த தரவைப் பழைய பதிப்பு படிக்க முடியாமல் போகும் சிக்கலும் உண்மை. அதைச் சமாளிக்க நிறுவனங்கள் கூடுதலாக வேலை செய்ய வேண்டும், கூடுதலாகச் சோதிக்க வேண்டும். ஆனால் இன்று அந்தச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. பால்மரம் வெட்டுபவரின் சம்பளத்திலிருந்து, அவர் வாங்க நினைக்காத அடுத்த போனின் விலையாக அது போகிறது. கோடிக்கணக்கில் போன் விற்பவர்களால் தாங்க முடிந்ததை அவர் ஏன் தாங்க வேண்டும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி பொது விசாரணை நடத்தி மக்களிடம் கருத்துக் கேட்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. இந்த விஷயத்தில் ஒன்று நடத்துங்கள். நிறுவனங்களின் பொறியாளர்களை வரச் சொல்லுங்கள், எங்களைப் போன்ற பழுதுபார்ப்பவர்களையும் கூப்பிடுங்கள். தமிழில் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்வோம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் தோட்டத்திலிருந்தும் கருத்து வரும். எங்கள் வட்டாரத்தில் ஒரு அமர்வு வைப்பதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வையுங்கள். அந்த நேரத்தில்தான் வெட்டு முடிந்து ஆட்கள் பட்டணத்துக்கு வருவார்கள். மண்டபம் பார்ப்பது, ஆட்களுக்குச் சொல்வது, பெரியவர்கள் பேசுவதை எழுதித் தருவது எல்லாம் நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஒருவன்